இன்னும் ஐம்பது கிலோ

நான் அலைச்சறுக்கு செய்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை பலகையில் நின்றேன். நின்றேன் என்பதே மிகை. கயிறு இழுத்தது, எழுந்தேன், முழங்கால் மடங்கியது, மூக்கு நிறையத் தண்ணீர். அன்றோடு சரி. என் இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். படகை ஓட்டுவதும், பைகளில் தண்ணீர் நிரப்புவதும், எந்தப் பை எங்கே, எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. பின்னால் எழும் அலையில் என் மகளும் தம்பியும் ஆடுகிறார்கள்.

வேக்சர்ஃபிங் பார்த்திராதவர்களுக்கு: படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சறுக்குபவர் ஆறு மீட்டர் அளவுள்ள கயிற்றைப் பிடித்து எழுவார். அலை தன்னைத் தள்ளுகிறது என்று கால் உணர்ந்ததும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிடுவார். அதன்பிறகு அவரை எதுவும் இழுப்பதில்லை. படகு தண்ணீரை விலக்குவதால் பின்னால் எழும் அலை ஒன்றுதான் அவரைத் தாங்கிக்கொண்டு வருகிறது. எவ்வளவு தண்ணீரை விலக்குகிறோமோ அவ்வளவு அலை. அதனால் படகை வேண்டுமென்றே கனமாக்கி அமிழ்த்துகிறோம். இந்தக் கனத்துக்குப் பேலஸ்ட் என்று பெயர். அடிப்பாரம் என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. எங்கள் படகில் அது அடியில் இல்லை, மூலைமுடுக்கெல்லாம் இருக்கிறது. எனவே பேலஸ்ட் என்றே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு கொள்கை. அலை சரியில்லை என்றால், "அக்கா, இன்னும் ஐம்பது கிலோ." அலை சுமார் என்றாலும், "அக்கா, இன்னும் ஐம்பது கிலோ." அலை பிரமாதமாக இருந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே கேட்பான். மூன்று கோடைக்காலமாக நான் நோட்டில் எழுதியதெல்லாம் அவனுக்குச் சொல்ல நினைத்த பதில்தான்.

எங்களுடையது 22 அடி நீளமுள்ள பழைய படகு. எஞ்சின் பின்புறத்தில், பெட்டிக்குள். ஆனால் புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், பின்மேடைக்கு நன்றாக முன்னால் தள்ளி இருக்கிறது. இதை வி-டிரைவ் என்பார்கள். இது முக்கியம். வெளியே தொங்கும் மோட்டாரோ, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லரோ உள்ள படகின் பின்னால் இந்த விளையாட்டை விளையாடவே கூடாது. சறுக்குபவர் படகிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தூரத்தில்தான் இருப்பார்; அலை அவரை முன்னோக்கித்தான் தள்ளிக்கொண்டிருக்கும். புரொப்பெல்லர் முன்பக்கம் பார்த்தபடி படகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வகை ஒன்று பிற்பாடு வந்தது. அதற்கு மட்டும் விலக்கு. இதில் நான் யாரோடும் வாதம் செய்வதில்லை. கேட்பவரை இறக்கிவிட்டுப் போய்விடுவேன்.

எஞ்சின் புகையும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. அப்படித் தொங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனிப் பைகள்.

தம்பி முதலில் வாங்கி வந்தவை இரண்டு பெரிய பைகள். ஒவ்வொன்றிலும் 340 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. ஏரியிலிருந்து பம்பு தண்ணீரை உறிஞ்சிப் பையில் நிரப்பும்; வேலை முடிந்ததும் ஏரிக்கே திருப்பிவிடும். பம்பின் மேல் மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் ஒரு பைக்கு ஏழு நிமிடம் போதும். எங்களுக்குப் பத்து ஆகிறது. குழாய் நீளம், வளைவு, பையின் மூலையில் சிக்கிக்கொள்ளும் காற்று என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் தின்னும்.

பை நிரம்புவதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். முதலில் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் கெட்டித் துணி மெல்ல முதுகு நிமிர்த்தும். பாதியில், மேல் பக்கத்தில் ஒரு காற்றுக் குமிழ் திரண்டு மேடிட்டுக்கொண்டு நிற்கும். அதைக் கையால் தடவித் தடவிக் காற்றுப்போக்கிப் பக்கம் ஓட்ட வேண்டும். குமிழ் வெளியேறும்போது குழாயில் ஒரு ஏப்பம் கேட்கும். பிறகு பம்பின் சத்தம் கனத்துவிடும். பை மாவுப் பிசின்போல் நெகிழாமல் கல்லாக இறுகி, பெட்டியின் மூடியை ஒரு விரல் தூக்கும். அப்போதுதான் நிறுத்துவேன்.

அந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் வாரத்தில், நேரமாகிறது என்று இடப்பக்கப் பையைப் பாதியோடு நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். நேரே போகும்போது எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது தெரிந்தது. படகு ஒரு பக்கம் சாய, பைக்குள் இருந்த தண்ணீரும் அதே பக்கம் ஓடியது. ஓடிய தண்ணீர் படகை இன்னும் கொஞ்சம் சாய்த்தது. ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் படகு நிமிர ஒரு மூச்சு தாமதித்தது. அந்த ஒரு மூச்சில் வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. கப்பல் கட்டுபவர்களுக்கு இது பழைய பகை. பாதி நிரம்பிய தொட்டிகள் கப்பல்களையே கவிழ்த்திருக்கின்றன. அன்றிலிருந்து என் படகில் பை முழுதாக நிரம்பியிருக்கும், இல்லையென்றால் முழுதாகக் காலியாக இருக்கும். இடைப்பட்ட நிலை கிடையாது. அதனால்தான் "இன்னும் ஐம்பது கிலோ" என்பதே என் காதுக்கு ஆகாது. ஐம்பது கிலோ பை என்னிடம் இல்லை.

முதல் கோடையில் செய்தது இது. என் மகள் இடக்காலை முன்வைத்து நிற்பவள். அப்படி நிற்பவர்கள் பொதுவாகப் படகின் இடப்பக்க அலையில் சறுக்குவார்கள். வலக்காலை முன்வைப்பவர்கள் வலப்பக்கத்தில். எனவே இரண்டு பைகளையும் இடப்பக்கமே போட்டோம். ஒன்று பின்பெட்டியில், மற்றது அதற்கு முன்னால் இருக்கையின் மேல். ஒரே பக்கத்தில் 680 கிலோ. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆட்களும் பொருட்களும் சேர்த்து 1,000 கிலோ வரை ஏற்றலாம் என்று போட்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் 260 கிலோ. பேலஸ்ட் தண்ணீரைப் பொருள் என்றே நான் கணக்கு வைக்கிறேன். மொத்தம் 940. கணக்கு தப்பவில்லை. ஆனால் அந்தத் தகடு, எடையைப் பரப்பி வைப்பீர்கள் என்று நம்பி எழுதப்பட்டது. நாங்களோ எல்லாவற்றையும் ஒரு மூலையில் கொட்டியிருந்தோம். படகு ஒருக்களித்துப் படுத்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. எனக்கு முன்னால் தண்ணீரே தெரியவில்லை. எழுந்து நின்று ஓட்டினேன்.

அலை? உயரமாகத்தான் இருந்தது. தம்பி கைதட்டினான். மகள் கயிற்றை விட்டாள், மூன்று எண்ணுவதற்குள் பின்தங்கினாள், அலை அவளைக் கைவிட்டது. மறுபடியும். மறுபடியும். படகுக்கு வந்து பின்மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அம்மா, அலை பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்பதற்கு இடம் இல்லை. படகுக்கு ஒட்டினாற்போல் ஒரு பாய் அகலம்தான். கொஞ்சம் பின்னால் போனால் தரை முடிந்துவிடுகிறது."

தரை முடிந்துவிடுகிறது. அன்று இரவு நோட்டின் முதல் பக்கத்தில் அதுதான் தலைப்பு.

படகின் மூக்கை அணியம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். எல்லா எடையும் பின்னால் இருந்து அணியம் தூக்கிக்கொண்டால், படகு தன் பின்முனையால் மட்டும் தண்ணீரில் ஆழமாகக் குழி தோண்டுகிறது. குழி ஆழம், ஆனால் குட்டை. அதன் பின்னால் எழும் அலையும் அப்படியே: செங்குத்து, உயரம், குட்டை. அணியத்தில் எடை வைத்தால் படகின் நீளம் முழுவதும் தண்ணீரில் படியும். குழி நீளும். அலை கொஞ்சம் தாழும். ஆனால் அதன் சரிவு பின்னோக்கி நீண்டு, சறுக்குபவருக்கு நிற்க இடம் கிடைக்கும். தள்ளும் விசையும் கூடுகிறது என்று மகள் சொல்கிறாள்.

இரண்டாம் கோடையில் 180 கிலோ பைகள் மூன்று வாங்கினோம். இருக்கையின் மேல் கிடந்த பெரிய பையைச் சுருட்டிவிட்டு, அதற்குப் பதில் அணியத்தில் 180 கிலோ பை ஒன்றை நிரப்பினோம். 680 இருந்த இடத்தில் இப்போது 520. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அலை உயரம் ஒரு சாண் குறைந்தது. மகள் கயிற்றை விட்டாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்தங்கினாள், அலை விடவில்லை. முன்னங்காலை அழுத்தி மறுபடி முன்னால் வந்தாள். மறுபடி பின்னால் போனாள். ஏரியின் அந்தக் கரை வருமட்டும் விழவில்லை. 160 கிலோ குறைத்து வாங்கிய அலை அது. திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் கயிற்றைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

சீசா பலகையில் விளையாடிய எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம் என்பதும் எடையோடு சேர்ந்து பேசும். படகின் நடுவில் வைத்த நூறு கிலோ, படகை வெறுமனே அமிழ்த்தும். அதே நூறு கிலோ அணியத்தின் முனையில் இருந்தால் மூக்கையே இறக்கிவிடும். ஆட்களும் அப்படித்தான். ஒரு நாள் அலை திடீரென்று சொதசொதவென்று நுரை கட்ட ஆரம்பித்தது. பை ஒழுகுகிறதா, வேகம் குறைந்ததா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், என் கணவர் வெயில் படுகிறது என்று இடப்பக்கத்திலிருந்து எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார். எழுபது கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால், இரு பக்கத்துக்குமான வித்தியாசம் நூற்று நாற்பது கிலோ. "நீங்கள் இப்போது பேலஸ்ட். சொல்லாமல் நகரக் கூடாது" என்றேன். அன்றிலிருந்து அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்கிறார். கிண்டல்தான், ஆனால் கேட்பது நல்லது.

வேகத்தைப் பற்றி எழுதினால் பலருக்கு அலுப்புத் தட்டும், ஆனால் எனக்கு இதுதான் பெரிய சுவாரசியம். ஆழமான தண்ணீரில் படகோடு சேர்ந்து ஓடும் அலையின் நீளத்தை வேகம்தான் தீர்மானிக்கிறது: வேகத்தின் வர்க்கத்தை 2π ஆல் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 16 கிலோமீட்டரில் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை சுமார் 12.6 மீட்டர். 17-ல் 14.3. 18-ல் 16. 19-ல் 17.8. ஒரே ஒரு கிலோமீட்டர் வேகம் கூட்டினால் அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீள்கிறது! அந்த நீளம் முழுவதிலும் சறுக்க முடியாது. முன்சரிவின் ஒரு பகுதிதான் நமக்கு. ஆனாலும் அந்தப் பகுதியும் அதோடு சேர்ந்தே நீள்கிறது. படகு சிறியதோ பெரியதோ, ஆழ்ந்த தண்ணீரில் பின்னால் எழும் அலைகள் இருபுறமும் சுமார் 19.5 பாகை விரிவுக்குள் அடங்கும் என்று இயற்பியலாளர் கெல்வின் 1887-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். வாத்து நீந்தினாலும் அந்த விரிவுதான். வாத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஞாபகம்.

மெதுவாகப் போனால் அலை குட்டையாகிச் செங்குத்தாக நிற்கும், முகடு உடைந்து நுரை தள்ளும். வேகம் கூட்டினால் நீண்டு சுத்தமாகும். இன்னும் கூட்டினால் தட்டையாகிவிடும். இதற்கு நடுவில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் செய்வது, பைகளைத் தொடாமல் வேகத்தை மட்டும் அரை கிலோமீட்டர் அரை கிலோமீட்டராக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஏரியின் ஒரே நீட்டத்தில் ஒரே திசையில் ஓட்டுவது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பையையும் மாற்றி, வேகத்தையும் மாற்றி, ஆட்களையும் இடம் மாற்றி உட்காரவைத்தால் அலை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. தம்பிக்கு இதில் பொறுமை கிடையாது. அவன் பலகையில் இருக்கும்போதே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், வேகம் கூட்டு என்று. நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

ஆழத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோட்டில் இருந்த எல்லா எண்களும் சரியாக இருந்தும் ஏரியின் ஒரு கிளையில் அலை எப்போதும் மந்தமாகவே வந்தது. ஆழமானியைப் பார்த்தால் இரண்டரை மீட்டர். அலைக்குக் கீழே அசையவும் தண்ணீர் வேண்டும். தரை தட்டினால் அதன் வடிவம் குலையும். இப்போது ஆறு மீட்டருக்குக் குறைவான இடத்தில் பையையே நிரப்புவதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. இவ்வளவு எடையோடு அமிழ்ந்து போகும் படகின் புரொப்பெல்லர் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஆழம் குறைந்தால் அடிச்சேறு கலங்கும், செடிகள் பிடுங்கப்படும். கரையும் அரிக்கும். மினசோட்டா பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகை அலை எழுப்பும் படகுகள் கரையிலிருந்து 500 அடியாவது தள்ளி ஓட வேண்டும் என்றது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024-இல் அதையே விதியாக்கியது. 20 அடி ஆழமும் கட்டாயம். எங்கள் அலையால் ஒருவரது படகுத்துறை ஆடி, அவர் எங்களைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அதைவிடவும் தள்ளியே ஓட்டுகிறேன்.

இப்போது நான் சொல்ல விரும்பாத கதை.

அணியத்தில் பை போட்டால் அலை நீள்கிறது என்று கண்டுபிடித்த மமதையில், ஒரு நாள் அணியத்து இருக்கையில் உறவினர் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்திருந்தேன். கீழே 180 கிலோ தண்ணீர், மேலே இரண்டு பிள்ளைகள். மகள் விழுந்தாள். பதறி, வேகத்தைச் சட்டென்று முழுதாகக் குறைத்துவிட்டேன். படகு நின்றது, ஆனால் நாங்கள் எழுப்பிய அலை நிற்கவில்லை. அது பின்னாலிருந்து வந்து படகின் பின்புறத்தைத் தூக்கியது. பின்புறம் எழ, ஏற்கெனவே கனத்துக் கிடந்த அணியம் குனிந்தது. குனிந்த மூக்கின் மேல் பச்சைத் தண்ணீர் ஒரு கண்ணாடித் தகடுபோல் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பிள்ளைகளின் இடுப்பு வரை. ஒரு செருப்பு என் காலருகே மிதந்து வந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்குக் கை நடுங்கியது. படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு கால் மணி நேரம் ஓடியது. இன்னொரு அலை அதேபோல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நான் நோட்டில் எழுதவில்லை.

இப்போது, யார் விழுந்தாலும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, அலை படகுக்கு அடியில் கடந்து போகவிட்டு, நடைவேகத்தில் திரும்புகிறேன். விழுந்தவர் லைஃப் ஜாக்கெட்டோடு மிதப்பார். பத்து வினாடி தாமதத்தால் ஒன்றும் ஆகாது. அணியத்தில் பை நிரம்பியிருந்தால் அங்கே ஆள் கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

அந்த நாளுக்குப் பிறகு ஈயம் பற்றிய பேச்சும் எங்கள் வீட்டில் முடிந்தது. ஈயம் தண்ணீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தி. ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறிய பைகளை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துவிடலாம். நிரப்பக் காத்திருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு ரொம்ப ஆசை. ஆனால் படகுக்குள் தண்ணீர் புகுந்து அமிழத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பைக்குள் இருக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் போனதும் எடையற்றதாகிவிடும். படகைக் கீழே இழுக்காது. ஈயம் இழுக்கும். பம்பால் அதை வெளியேற்றவும் முடியாது. இதைச் சொன்னதும் மிதந்து வந்த செருப்பு அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஐம்பது கிலோ என்ற பேச்சையே ஒரு வாரம் எடுக்கவில்லை.

படகைச் சாய்ப்பதும் இப்போது முன்போல் இல்லை. படகின் பின்முனையைக் கடந்த தண்ணீர் இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் முட்டிக்கொள்கிறது. அந்த மோதலில்தான் அலை கலங்குகிறது. ஒரு பக்கத் தண்ணீரைச் சற்று நேரம் தள்ளிவைத்தால் எதிர்ப்பக்க அலை தெளியும். மாலிபு என்னும் படகு நிறுவனம் 2012-இல் இதற்கென்று படகின் பின்முனையில் திறந்து மூடும் தகடுகளைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் தங்கள் தங்கள் வழியில் அதையே செய்தார்கள். எங்கள் பழைய படகில் அதெல்லாம் இல்லை. உறிஞ்சுக் கிண்ணங்களால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பலகைத் துண்டு வாங்கினோம். இடப்பக்க அலை வேண்டுமென்றால் அதை வலப்பக்கம், பின்முனைக்கு அருகே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்; எங்களுக்கும் தோன்றியது; முதல் நாள் தப்பான பக்கம் ஒட்டிவிட்டு அரை மணி நேரம் அலையைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒட்டும் இடத்தைத் துடைத்துப் பாசி வழுக்கல் போக்காவிட்டால் கழன்றுவிடும். இரண்டு முறை கழன்றது. கயிறு கட்டியிருந்ததால் தப்பியது.

பலகை வந்தபின் படகை ஒருக்களித்துச் சாய்க்கத் தேவையில்லை. வலப்பக்கப் பின்பெட்டியிலும் 180 கிலோ நிரப்புகிறேன். இடப்பக்கம் 340, வலப்பக்கம் 180, அணியம் 180: மொத்தம் 700. ஆட்களோடு 960. படகு கிட்டத்தட்ட நேராக நிற்கிறது, இடப்பக்கம் ஒரு மூச்சு தாழ்ந்து. வேகம் மணிக்கு 17.5. மகளின் பக்கத்தில் இந்த எண்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

தம்பியின் பக்கத்தில்தான் வட்டம் விழவே இல்லை. அவன் வலக்காலை முன்வைப்பவன், வலப்பக்க அலைக்காரன். மகளின் எண்களை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாற்றினேன்: வலப்பக்கம் 340, இடப்பக்கம் 180, பலகை இடப்பக்கம். அலை வந்தது, ஆனால் முகட்டில் எப்போதும் கொஞ்சம் நுரை. எங்கள் புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் அழுத்தப் பார்க்கும். மகளுக்கு எஞ்சினே கூட நின்று உதவுகிறது. தம்பிக்கு அதே எஞ்சின் எதிராக நிற்கிறது. அவனுக்கு உதவியாக வலப்பக்கம் இருப்பது ஓட்டுநர் இருக்கை, அதாவது நான், அது போதவில்லை. அவன் கேட்ட ஐம்பது கிலோவில் இந்த ஒரு பக்கத்தில் மட்டும் நியாயம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே 960. அடுத்த பை போட இடமில்லை, எனக்கு மனமும் இல்லை.

போன மாதம் பைகளை வடித்துக்கொண்டிருந்தோம். பம்பு எவ்வளவு இழுத்தாலும் கடைசியில் நாலைந்து லிட்டர் உள்ளே தங்கிவிடும். வேறு ஏரிக்குப் போவதாக இருந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. வரிக்குதிரைச் சிப்பி என்னும் சிறு சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தத் தண்ணீரில் பயணம் செய்து புது ஏரியில் குடியேறிவிடும். அதனால் தம்பி பையின் மூலைகளைத் தூக்கிப் பிடிக்க, நான் குழாயைத் தாழ்த்திப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை வடித்து, பிறகு காயவைக்கிறோம். அப்படி இடப்பக்கப் பெட்டிக்குள் தலையை விட்டபோதுதான் பைக்குப் பின்னால் இருந்த இரண்டு பேட்டரிகள் கண்ணில் பட்டன. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து எடை போட்டேன். ஒவ்வொன்றும் 25 கிலோ.

வலப்பக்கம் மாற்றுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. தடித்த கேபிள் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. ஆடாமல் இருக்கப் பேட்டரிகளைப் பெட்டியோடு வார் போட்டு இறுக்கினோம். தம்பி வலப்பக்கப் பெட்டிக்குள் குனிந்து கடைசி வாரை இழுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி நிமிர்ந்தான்.

"அக்கா, கடைசியில் எனக்கு ஐம்பது கிலோ போட்டுவிட்டாய்."

"போடவில்லை. நகர்த்தியிருக்கிறேன்."

கொஞ்ச நேரம் பேட்டரிகளையும் எதிர்ப்பக்கப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். விரல்விட்டு எதையோ எண்ணினான்.

"அப்படியானால் வித்தியாசம் நூறு கிலோவா?"

நான் நோட்டை அவன் பக்கம் திறந்து, பேனாவை மேலே வைத்து அவனிடம் நீட்டினேன்.